பல்லுல கறையா? காசு செலவு பண்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

பல்லுல கறை இருக்கு, என்ன பண்ணலாம்னு நாலு பேர்கிட்ட கேட்டா நாலு விதமா சொல்லுவாங்க. எனக்கும் அதேதான் நடந்துச்சு. ஒரு கிளினிக்ல உட்கார்ந்த உடனே ப்ளீச்சிங் (மருந்து ஜெல் வச்சு பல்லை வெளுக்கறது) பேக்கேஜ் எழுதிக் குடுத்தாங்க, இன்னொரு இடத்துல முன்பல் எல்லாத்துக்கும் வெனீர் (பல்லு மேல ஒட்டற மெல்லிய ஓடு) போட்டாதான் சரியாகும்னாங்க, கடைசியா பார்த்த டாக்டர்தான் கண்ணாடியைக் கையில குடுத்து இது காரை (கல்லு மாதிரி இறுகிப்போன அழுக்கு), இது டீ கறை, இந்த ஒரு பல்லு மட்டும் உள்ளேர்ந்து நிறம் மாறியிருக்கு, மூணுக்கும் வேற வேற வைத்தியம்னு பிரிச்சுக் காட்டினாங்க. இந்த விளக்கம் முதல்லயே கிடைச்சிருந்தா அலைச்சலும் பணமும் எவ்வளவோ மிச்சமாயிருக்கும். உங்களுக்காவது அது மிச்சமாகட்டும்னுதான் வரிசையா எழுதறேன், வரிசையை மட்டும் மாத்தாதீங்க, ஏன்னா இந்த விஷயத்துல பணம் வீணாப் போறதே வரிசை மாறுறதாலதான்.

1. முதல்ல உங்க கறை எந்த வகைன்னு பாருங்க

பகல் வெளிச்சம் வர்ற ஜன்னல்கிட்ட நின்னு, உதட்டைத் தூக்கிப் பிடிச்சு, டிஷ்யூவால பல்லை ஒத்தி ஈரம் இல்லாம பண்ணிட்டுப் பாருங்க. பாத்ரூம் மஞ்சள் லைட்ல பார்த்தா எல்லார் பல்லும் மஞ்சளாத்தான் தெரியும். ஃப்ளாஷ் போடாம ஃபோன்ல முன்பக்கம் ஒண்ணு, வாயைத் திறந்து கீழ்ப் பல்லோட உள்பக்கம் ஒண்ணு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

பல்லோட மேல்பரப்புல மட்டும் பழுப்பா படிஞ்சிருக்கு, ஈறு ஓரத்துலயும் ரெண்டு பல்லுக்கு நடுவுலயும்தான் அதிகம்னா அது வெளிக்கறை. எச்சில்ல இருக்கற புரதம் எனாமல் (பல்லோட கெட்டியான வெளி அடுக்கு) மேல மெல்லிசா ஒரு படலமா படியும், நீங்க பிரஷ் பண்ணி முடிச்ச சில நிமிஷத்துலயே மறுபடி படிய ஆரம்பிச்சுடும், அது எல்லாருக்கும் இருக்கறதுதான், பல்லுக்கு அது தேவையும்கூட. ஆனா டீ, காபி, ரெட் ஒயின்ல இருக்கற டானின்ங்கற துவர்ப்புப் பொருளும் புகையிலையோட தாரும் அந்தப் படலத்தைப் பிடிச்சுக்கும். டீ கப்போட உள்பக்கம் பிடிக்கற கறை மாதிரிதான். இது நல்ல செய்தி, ஏன்னா வெளிக்கறை முழுசா போகக்கூடியது.

நாக்கால தடவினா சொரசொரன்னு, கீழ் முன்பல்லோட உள்பக்கத்துலயோ மேல் கடைவாய்ப்பல்லோட கன்னத்துப் பக்கத்துலயோ கெட்டியா ஒட்டியிருக்குன்னா அது காரை. அந்த ரெண்டு இடத்துலதான் எச்சில் சுரப்பிகளோட வாய் திறக்குது, எச்சில்ல இருக்கற கால்சியம் அங்க சீக்கிரம் படியுது. பல்லுல ஒட்டுற மெத்துன்னு இருக்கற அழுக்கு ஒண்ணு ரெண்டு நாள்லயே கெட்டியாக ஆரம்பிச்சு சுமார் ரெண்டு வாரத்துல முத்தின காரையாயிடும், அதுக்கப்புறம் எந்த பிரஷ்ஷுக்கும் எந்த பேஸ்ட்டுக்கும் அது அசையாது. சொரசொரப்பான இடத்துல டீ கறையும் வேகமா ஏறும், அதனால பல பேருக்கு காரையும் கறையும் சேர்ந்தே இருக்கும்.

பல்லு வழவழன்னுதான் இருக்கு, ஆனா மொத்தமா ஒரே மாதிரி மஞ்சள்னா அது அழுக்கே இல்ல. எனாமல் ஒளி ஊடுருவற பொருள், அதுக்கு உள்ள இருக்கற டென்டினோட நிறமே மஞ்சள், வயசாக ஆக எனாமல் தேஞ்சு உள்ள இருக்கற மஞ்சள் தெரியுது. தேய்க்கத் தேய்க்க இன்னும் மஞ்சளாகுமே தவிர வெளுக்காது.

ஒரே ஒரு பல்லு மட்டும் சாம்பலாவோ கருப்பாவோ மாறியிருந்தா, எப்பவோ அடிபட்டு உள்ள நரம்பு செத்துப் போயிருக்கலாம், இல்ல ரூட் கேனல் (உள்ள இருக்கற நரம்பை எடுத்துட்டு அடைக்கறது) பண்ணின பல்லா இருக்கலாம். வலியே இல்லாம பல வருஷம் இருக்கும், அதனால எக்ஸ்ரே எடுக்காம இதுல யார் என்ன சொன்னாலும் நம்பாதீங்க.

ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா ஒரே மாதிரி வெள்ளைத் திட்டு, சில பேருக்கு பழுப்புத் திட்டுன்னா ஃப்ளோரோசிஸா இருக்க வாய்ப்பு அதிகம். பல்லு உருவாகுற வயசுல, அதாவது சுமார் எட்டு வயசு வரைக்கும், தண்ணிலயோ வேற வழிலயோ ஃப்ளோரைடு அதிகமாப் போனா வர்றது. குடிக்கற தண்ணில லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுங்கறது உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்கற அளவு. பல்லுக்குக் குறுக்கால பட்டை பட்டையா சாம்பலோ பழுப்போ இருந்தா டெட்ராசைக்ளின் ஆன்டிபயாட்டிக்கால வந்ததான்னு கேளுங்க, குழந்தையா இருக்கும்போதோ அம்மா வயித்துல இருக்கும்போதோ அந்த மருந்து உடம்புல சேர்ந்திருந்தா பல்லுக்குள்ளயே நிறம் ஏறிடும்.

கடிக்கற பக்கத்துப் பள்ளத்துல கருப்புப் புள்ளி, சாப்பாடு மாட்டுது, ஜில்லுன்னு குடிச்சா சுருக்குங்குதுன்னா அது சொத்தையா இருக்கலாம். அதை வெளுக்கறதுல அர்த்தமே இல்ல, அடைக்கணும்.

இன்னொண்ணு, கறை திடீர்னு சில வாரத்துல வந்திருந்தா சமீபத்துல என்ன மருந்து எடுத்தீங்கன்னு யோசிங்க. குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் பழுப்புக் கறை குடுக்கும், இரும்புச் சத்து டானிக் கருப்பாக்கும், ரெண்டுமே வெளிக்கறைதான், கிளீனிங்ல போயிடும், பயப்பட வேண்டாம்.

2. கடைக்கு ஓடாதீங்க, சமையலறைக்கும் ஓடாதீங்க

ஒயிட்டனிங் பேஸ்ட்னு விக்கறதுல பெரும்பாலானது சொரசொரப்புத் துகள்களால வெளிக்கறையைத் தேய்ச்சு எடுக்கற பேஸ்ட்தான். பல்லோட சொந்த நிறத்தை அது மாத்தாது. சிலதுல நீல நிறப் பொருள் ஒண்ணு சேர்ப்பாங்க, அது மஞ்சளைக் கொஞ்ச நேரத்துக்கு அமுக்கிக் காட்டும், அவ்வளவுதான். பேஸ்ட் எவ்வளவு தேய்க்கும்ங்கறதுக்கு ஆர்டிஏன்னு ஒரு அளவு இருக்கு, 250 வரைக்கும் அனுமதி, ஆனா பல்லு கூசறவங்களும் ஈறு இறங்கி வேர் தெரியறவங்களும் குறைஞ்ச எண்ணுக்குப் போறதுதான் நல்லது. டியூப் மேல பெரும்பாலும் போட மாட்டாங்க, கம்பெனி வெப்சைட்லயோ கஸ்டமர் கேர்லயோ கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்.

கரித்தூள் பேஸ்ட் பாக்க கவர்ச்சியா இருக்கும், ஆனா அது சாதாரண பேஸ்ட்டை விட நல்லா வெளுக்கும்ங்கறதுக்கோ பாதுகாப்பானதுங்கறதுக்கோ போதுமான ஆதாரம் கிடையாதுன்னு அமெரிக்க பல் மருத்துவ சங்கத்தோட இதழ்ல 2017ல வந்த ஆய்வுத் தொகுப்பே சொல்லுது. நிறைய கரித்தூள் பேஸ்ட்ல ஃப்ளோரைடும் இருக்கறதில்ல. அது மட்டும் இல்லாம கரித்தூள் ஃபில்லிங் ஓரத்துலயும் பல்லு விரிசல்லயும் போய் உட்கார்ந்துச்சுன்னா கருப்புக் கோடா தெரியும்.

எலுமிச்சை, வினிகர் இதெல்லாம் வேண்டவே வேண்டாம். வாயில பிஎச் (அமிலத்தோட அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5க்குக் கீழ போனாலே எனாமல் கரைய ஆரம்பிக்கும், எலுமிச்சைச் சாறு பிஎச் 2 கிட்ட. முதல் தடவை தேய்க்கும்போது பளிச்சுன்னு தெரியறதுக்குக் காரணமே மேல் அடுக்கு அரிக்கப்படறதுதான், போன எனாமல் திரும்ப வளராது. உப்பையோ சமையல் சோடாவையோ வாரிப் போட்டு அழுத்தித் தேய்க்கறதும் வேண்டாம். சமையல் சோடா தனியா ரொம்ப சொரசொரப்பு இல்லதான், ஆனா அதுல ஃப்ளோரைடு இல்ல, வேணும்னா சோடா சேர்த்த ஃப்ளோரைடு பேஸ்ட்டாவே கிடைக்குது, அதை வாங்கிக்கலாம். எலுமிச்சையோட சோடாவைக் கலந்து தேய்ங்கன்னு வர்ற வீடியோக்களை அப்படியே தாண்டிப் போயிடுங்க.

ஊசி, பிளேடு, ஆன்லைன்ல விக்கற கொக்கி மாதிரி கருவி வச்சு வீட்லயே காரையைச் சுரண்டறவங்க இருக்காங்க. ஈறு கிழியும், பல்லுல கீறல் விழும், ஈறுக்குக் கீழ இருக்கற காரை அங்கேயே இருக்கும். தயவு செஞ்சு பண்ணாதீங்க.

3. டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி எடுத்து வைக்க வேண்டியது

பல்லு கிளீனிங்குக்கு என்ன பேப்பர்னு நினைக்காதீங்க, இதுல சிலது இல்லைன்னா அன்னைக்கு வேலை நடக்காம திருப்பி அனுப்பவும் வாய்ப்பு இருக்கு.

இப்ப சாப்பிடற எல்லா மாத்திரையோட பேரும் அளவும், சீட்டு இல்லைன்னா அட்டையை ஃபோட்டோ எடுத்துக்கோங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க கண்டிப்பா சொல்லணும், வார்ஃபரின்னா சமீபத்துல எடுத்த ஐஎன்ஆர் (ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறையுதுன்னு பாக்கற டெஸ்ட்) ரிப்போர்ட்டைக் கேப்பாங்க. கிளீனிங்குக்காக அந்த மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், எழுதிக் குடுத்த டாக்டரைக் கேட்டுத்தான் எதுவும். சர்க்கரை இருக்கறவங்க கடைசியா எடுத்த எச்பிஏ1சி (மூணு மாசச் சராசரி சர்க்கரை) ரிப்போர்ட் வச்சுக்கோங்க, சர்க்கரை கட்டுக்குள்ள இல்லைன்னா ஈறு ஆறறது தாமதமாகும். இதய வால்வு மாத்தினவங்களுக்கு கிளீனிங்குக்கு முன்னாடி ஆன்டிபயாட்டிக் தேவைப்படும், அதனால டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோட கொண்டு போங்க. பேஸ்மேக்கர் இருந்தாலும் சொல்லணும், ஏன்னா சில பழைய வகை மெஷின்களை அவங்களுக்குப் பயன்படுத்தாம தவிர்ப்பாங்க. மருந்து அலர்ஜி, கர்ப்பம், பால் குடுக்கறது, இதெல்லாம் அவங்க கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லுங்க. கர்ப்பமா இருக்கும்போது கிளீனிங் பண்ணிக்கலாம், நல்லதும்கூட, ஆனா ப்ளீச்சிங்கைத் தள்ளிப் போட்டுடணும்.

பழைய எக்ஸ்ரே இருந்தா கொண்டு போங்க, புதுசா எடுக்கற செலவு சில நேரம் மிச்சமாகும். இன்சூரன்ஸ் இருந்தா பாலிசியில ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே பாத்துக்கோங்க: ஒயிட்டனிங், வெனீர் ரெண்டையும் அழகுக்காகப் பண்றதுன்னு சொல்லி பெரும்பாலும் ஒதுக்கிடுவாங்க, ஆனா கிளீனிங்கும் செக்கப்பும் சில பாலிசியில வரும். ரெண்டையும் சேர்த்து ஒரே வரியா பில் போட்டா கிடைக்க வேண்டியதும் கிடைக்காமப் போயிடும், தனித்தனியா போடச் சொல்லுங்க.

4. முதல் நாள் கேக்க வேண்டிய கேள்விகள்

முதல் நாள் வெறும் செக்கப் மட்டும்தான்னு மனசுல வச்சுக்கிட்டுப் போங்க. இன்னைக்கே ஆரம்பிச்சா தள்ளுபடின்னு சொன்னா, யோசிச்சு சொல்றேன்னு எழுந்து வந்துடலாம், தப்பே இல்ல.

கேக்க வேண்டியது இதுதான். என் கறை வெளிக்கறையா உள்கறையா, எந்தெந்தப் பல்லுல எது? சொத்தையோ விரிசலோ இருக்கா? கிளீனிங் மட்டும் பண்ணினா எவ்வளவு போகும்? ஏற்கனவே போட்டிருக்கற கேப்பும் ஃபில்லிங்கும் என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுடாதீங்க, ஏன்னு ஆறாவது படியில சொல்றேன்.

எஸ்டிமேட்டை எழுத்துல வாங்குங்க. அதுல பல்லு நம்பர் போட்டிருப்பாங்க, புரியலையேன்னு விட்டுடாதீங்க. உலகத்துல பல இடத்துல ரெண்டு இலக்க நம்பர்தான் பயன்படுத்தறாங்க: முதல் இலக்கம் வாயோட எந்தக் கால் பாகம்னு சொல்லும், ரெண்டாவது நடுவுலேர்ந்து எத்தனாவது பல்லுன்னு சொல்லும். 11ன்னா உங்க மேல் வலது நடு முன்பல், 21ன்னா மேல் இடது நடு முன்பல், 31 கீழ் இடது, 41 கீழ் வலது. இது தெரிஞ்சா எந்தப் பல்லுக்கு என்ன பண்றாங்க, எத்தனை பல்லுக்குக் காசு கேக்கறாங்கன்னு நீங்களே சரிபாத்துக்கலாம்.

விலையைப் பொறுத்தவரைக்கும் எதுக்கு எப்படிக் கணக்கு போடறாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க. கிளீனிங் பெரும்பாலும் மொத்த வாய்க்கும் சேர்த்து ஒரு தொகை, பாலிஷிங் அதுல அடக்கமா தனியான்னு கேக்கணும். ஈறுக்குக் கீழ வரைக்கும் சுத்தம் பண்ற ஆழமான கிளீனிங் வேற வேலை, வேற விலை, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்தை அளந்துட்டுத்தான் அது தேவையான்னு சொல்ல முடியும், அதனால அளந்த எண்களைக் காட்டச் சொல்லுங்க. கிளினிக் ப்ளீச்சிங் சிட்டிங் கணக்கு, எத்தனை சிட்டிங் பில்லுல அடங்கியிருக்குன்னு பாருங்க. வெனீர் ஒவ்வொரு பல்லுக்கும் தனி விலை.

5. கிளீனிங், பாலிஷிங்: நிறைய பேருக்கு இதோட வேலை முடிஞ்சுடும்

கிளீனிங்னு சொல்ற ஸ்கேலிங்ல வேகமா அதிர்ற ஒரு நுனியை வச்சு காரையை உடைச்சு எடுப்பாங்க, சூடு ஏறாம இருக்கத் தண்ணி பீச்சிக்கிட்டே இருக்கும். அது தேய்க்கற மெஷின் இல்ல, அதிர்ற மெஷின். சரியாப் பிடிச்சா எனாமலை ஒண்ணும் பண்ணாது. அதுக்கப்புறம் ரப்பர் கப்ல பாலிஷ் பேஸ்ட் போட்டு சுத்தி வெளிக்கறையை எடுப்பாங்க. சில இடத்துல மெல்லிய தூளைத் தண்ணியோட சேர்த்துப் பீச்சற ஏர் பாலிஷிங் இருக்கு, பல்லு வரிசை மாறி ஏறி இறங்கி இருக்கறவங்களுக்கும் கம்பி போட்டவங்களுக்கும் அது ரொம்ப வசதி, ரப்பர் கப் நுழையாத இடுக்குல கூட போகும். புகையிலைக் கறை ரொம்ப இருந்தா அதைக் கேட்டுப் பாருங்க.

நேரம் பொதுவா அரை மணி நேரத்துலேர்ந்து ஒரு மணி நேரம். பல வருஷமா பண்ணாதவங்களுக்கு ரெண்டு தடவையா பிரிப்பாங்க. பாலிஷிங்கை மட்டும் அவசரத்துல விட்டுட்டா பரப்பு சொரசொரப்பாவே இருந்து கறை வேகமா திரும்ப ஏறும், அதனால முடிஞ்சதும் நாக்கால தடவிப் பாத்துட்டே எழுந்திருங்க.

வீட்டுக்கு வந்த அப்புறம் ரெண்டு மூணு விஷயத்துல மக்கள் பயந்துடறாங்க. ஒண்ணு, பல்லுக்கு நடுவுல சந்து தெரியும். அந்தச் சந்து ஏற்கனவே இருந்ததுதான், காரை அதை அடைச்சு வச்சிருந்தது. பல்லு ஆடற மாதிரி இருந்தாலும் இதே கதைதான், எலும்பு ஏற்கனவே குறைஞ்சிருக்கும், காரை முட்டுக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கும், அந்தக் காரையை விட்டா எலும்பு இன்னும் குறையும். அப்புறம் கூச்சம், சில நாள்ல அடங்கிடும், பொட்டாசியம் நைட்ரேட் இருக்கற கூச்ச பேஸ்ட் உதவும். ஈறுல லேசா ரத்தம் ஒண்ணு ரெண்டு நாள் வந்தா பரவாயில்ல, நிக்காம வந்தா உடனே ஃபோன் பண்ணுங்க.

இப்ப இங்க நின்னுடுங்க. ரெண்டு வாரம் போகட்டும். அதே ஜன்னல்கிட்ட, அதே நேரத்துல, அதே மாதிரி ஃபோட்டோ எடுத்து முதல் ஃபோட்டோவோட வச்சுப் பாருங்க. ப்ளீச்சிங் வேணும்னு நினைச்சு வந்தவங்கள்ல எத்தனையோ பேருக்கு இந்த இடத்துலயே போதும்னு ஆயிடும். கிளீனிங்கும் ப்ளீச்சிங்கும் ஒரே நாள் பேக்கேஜா பண்ணிட்டா எது உங்களுக்குப் பலன் குடுத்துச்சுன்னே தெரியாது, ஈறு புண்ணா இருக்கும்போது ஜெல் பட்டா எரிச்சலும் ஜாஸ்தி.

6. ப்ளீச்சிங் பண்றதா இருந்தா

இதுல வேலை செய்யறது ஹைட்ரஜன் பெராக்சைடு, இல்லைன்னா உடைஞ்சு அதா மாறுற கார்பமைடு பெராக்சைடு. எனாமலுக்குள்ள ஊடுருவி நிறப் பொருளை உடைக்குது. லேபிள்ல இருக்கற சதவீதத்தைப் பாத்து ஏமாந்துடாதீங்க: 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு சுமார் 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குத்தான் சமம். ஒரு ஜெல் 16, இன்னொண்ணு 6ன்னு போட்டிருந்தா எந்தப் பொருளோட சதவீதம்னு பாத்துட்டுத்தான் ஒப்பிடணும்.

வீட்ல பண்றதுன்னா உங்க பல்லு அச்செடுத்து பல்லுல மாட்டிக்கற ட்ரே செஞ்சு குடுப்பாங்க, 10 சதவீத கார்பமைடு ஜெல்லை ராத்திரி போட்டுத் தூங்கறது வழக்கமான முறை, சாதாரண மஞ்சளுக்கு ரெண்டு வாரம் போல ஆகும். ஒவ்வொரு பல்லுக்கும் சின்ன துளி போதும், நிறைய வச்சா வழிஞ்சு ஈறைத்தான் சுடும், வழிஞ்சதைத் துடைச்சிடுங்க. கிளினிக்ல பண்றது அதிக சதவீத ஜெல், ஈறுக்கு மேல தடுப்பு போட்டுட்டுத்தான் வைக்கணும், ஒரு மணி நேரத்துல வித்தியாசம் தெரியும். ஆனா அன்னைக்குத் தெரியற வெள்ளையில ஒரு பங்கு பல்லு காஞ்சு போனதால வர்றது, ஈரம் திரும்பினதும் சில நாள்ல கொஞ்சம் இறங்கும். ரெண்டு முறைக்கும் கடைசி நிறம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நீல லைட் அடிக்கறதால பெரிய வித்தியாசம் வர்றதில்ல, லைட்டுக்குன்னு தனியா காசு கேட்டா நான் குடுக்க மாட்டேன். என்னைக் கேட்டா அவசரம் இல்லாதவங்களுக்கு ட்ரே முறைதான் நல்லது, மெதுவாப் போகுது, கூசினா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம், ட்ரே கையில இருந்தா பின்னாடி ஜெல் மட்டும் வாங்கினா போதும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஷேட் கைடு (பல்லு நிற மாதிரிகள் வரிசை) வச்சு உங்க நிறத்தைக் குறிக்கச் சொல்லுங்க. வழக்கமான கைடுல 16 நிறம் இருக்கும், ஏ, பி, சி, டின்னு நாலு வரிசை. சி வரிசைன்னா சாம்பல் சாயல். மஞ்சள் சாயல் பல்லு நல்லா வெளுக்கும், சாம்பல் சாயல் பிடிவாதம் பிடிக்கும், அதை முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா ஏமாற்றம் இருக்காது.

நாலாவது படியில சொன்ன அந்தக் கேள்வி இங்கதான் வருது. கேப், வெனீர், பல்லு நிற ஃபில்லிங் எதுவும் ப்ளீச்சிங்ல வெளுக்காது. முன்பல்லுல பழைய ஃபில்லிங் இருந்தா சுத்தி இருக்கற பல்லு வெளுத்து ஃபில்லிங் மட்டும் மஞ்சளா தனியாத் தெரியும், அதை மாத்தற செலவையும் சேர்த்துத்தான் கணக்கு போடணும். மாத்தறதும் உடனே பண்ணக்கூடாது, ப்ளீச்சிங் முடிஞ்சு ரெண்டு வாரமாவது விடணும், ஏன்னா பல்லுக்குள்ள தங்கியிருக்கற ஆக்சிஜன் ஃபில்லிங் ஒட்டறதைக் கெடுக்கும், நிறமும் அதுக்குள்ளதான் நிலைக்கும்.

சொத்தை அடைக்காம, ஈறு நோய் சரியாகாம, விரிசலோட ப்ளீச்சிங் வேண்டாம். சின்னப் பசங்களுக்கும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துல 0.1 சதவீதத்துக்கு மேல ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கற ஒயிட்டனிங் பொருளை 18 வயசுக்குக் கீழ பயன்படுத்தக்கூடாதுன்னும், முதல் தடவை பல் டாக்டர் மேற்பார்வையிலதான் ஆரம்பிக்கணும்னும் விதியே இருக்கு. அழகு நிலையத்துல பண்றோம்னு கூப்பிட்டாலும் போகாதீங்க, சொத்தை இருக்கான்னு பாக்கறதுக்கு அவங்ககிட்ட எக்ஸ்ரேவும் கிடையாது, படிப்பும் கிடையாது.

7. ப்ளீச்சிங்ல போகாத கறைக்கு

செத்த பல்லு, ரூட் கேனல் பண்ணின பல்லு கருத்திருந்தா வெளியிலேர்ந்து எவ்வளவு ஜெல் வச்சாலும் போதாது. பல்லோட பின்பக்கம் சின்ன ஓட்டை வழியா உள்ள மருந்து வச்சு மூடி, சில நாளைக்கு ஒரு தடவை மாத்தி மாத்தி வைப்பாங்க. ரூட் கேனல் சரியா இருக்கான்னு எக்ஸ்ரேயில பாத்து, வேருக்கு மேல ஒரு அடைப்பு போட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும், இல்லைன்னா வேர் அரிக்கப்படற அபாயம் இருக்கு. ஒரு பல்லுக்காக கேப் போடறேன்னு சொன்னாங்கன்னா இந்த வழி இருக்கான்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

ஃப்ளோரோசிஸ்ல லேசான பழுப்புத் திட்டுக்கு மேல் அடுக்கை மட்டும் மிக மெல்லிசா எடுக்கற மைக்ரோ அப்ரேஷன் நல்லா வேலை செய்யும். கம்பி கழட்டின அப்புறம் தெரியற வெள்ளைத் திட்டுக்கு ரெசினை உள்ள இறக்கி மறைக்கற முறை இருக்கு, பல்லை ராவ வேண்டியதில்ல. டெட்ராசைக்ளின் கறைக்கு ட்ரே முறையே உதவும், ஆனா வாரக் கணக்குல இல்ல, மாசக் கணக்குல, சில பேருக்கு ஆறு மாசத்துக்கும் மேல.

வெனீர் கடைசி வழி. எனாமலை ராவிட்டுத்தான் பெரும்பாலும் ஒட்டுவாங்க, ராவினா திரும்ப வராது, ஒட்டினதும் ஆயுசுக்கும் நிக்காது, எப்பவாவது மாத்தியே ஆகணும். அதனால இருபது வயசுல வெறும் டீ கறைக்காக வெனீர் போடறதை நினைச்சாலே எனக்கு வயிறு எரியுது.

8. கல்யாணம், இன்டர்வியூன்னு தேதி குறிச்சிருந்தா

குறைஞ்சது ரெண்டரை மாசம் முன்னாடி ஆரம்பிங்க. செக்கப்பும் சொத்தை வேலையும் முதல் ரெண்டு வாரம் (முன்பல் ஃபில்லிங்கை மட்டும் இப்போதைக்குத் தற்காலிகமா வச்சுட்டு கடைசியில நிறம் பாத்துப் போடலாம்), அப்புறம் கிளீனிங், ஈறு ஆற ரெண்டு வாரம், ப்ளீச்சிங் ரெண்டு மூணு வாரம், நிறம் நிலைக்க ரெண்டு வாரம், கடைசியா ஃபில்லிங் மாத்தறது. ஒரு வாரம்தான் இருக்குன்னா கிளீனிங்கும் பாலிஷிங்கும் மட்டும் பண்ணிக்கோங்க, ப்ளீச்சிங்கைத் தொடாதீங்க, கூச்சத்தோட மேடையில நிக்கறது ரொம்பக் கஷ்டம்.

9. திரும்ப வராம பாத்துக்கறது

காரை ஏறாம இருந்தாலே பாதிக் கறை ஏறாது. மென்மையான பிரஷ், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிஷம், ஃப்ளோரைடு 1000லேர்ந்து 1500 பிபிஎம் வரைக்கும் இருக்கற பேஸ்ட். அழுத்தாதீங்க. கீழ் முன்பல்லோட உள்பக்கத்தை பிரஷ்ஷை நிமிர்த்திப் பிடிச்சு தேய்ங்க, அங்கதான் எல்லாரும் விட்டுடறாங்க. பல்லு இடுக்குக்கு ஃப்ளாஸ் இல்லைன்னா சின்ன இடுக்கு பிரஷ், ஒரு நாளைக்கு ஒரு தடவை.

டீ, காபியை விடச் சொல்லல. எவ்வளவு குடிக்கறீங்கங்கறதோட எவ்வளவு நேரம் குடிக்கறீங்கன்னும் பாருங்க, ஒரு கப்பை ரெண்டு மணி நேரம் மேசையில வச்சு உறிஞ்சிக்கிட்டே இருக்கறதுக்கு ஒரே தடவையா குடிச்சு முடிக்கறது மேல். குடிச்சதும் வாயில தண்ணி ஊத்திக் கொப்பளிங்க. டீயில பால் சேர்த்தா கறை குறையும், பால்ல இருக்கற கேசின்ங்கற புரதம் டானினைப் பிடிச்சு வச்சுக்குது. ஜில்லுன்னு குடிக்கறதுக்கு ஸ்ட்ரா போடுங்க. புளிப்பான ஜூஸோ சோடாவோ குடிச்ச உடனே மட்டும் பிரஷ் பண்ணாதீங்க, எனாமல் இளகியிருக்கும், அரை மணி நேரமாவது போகட்டும்.

புகை, மெல்லற புகையிலை எதுவா இருந்தாலும் நிறுத்தாம கறைக்குக் காசு செலவு பண்ணினா சில மாசத்துல பழைய நிலைமைக்கே வந்துடும். கறையை விடுங்க, ஈறும் வாய்ப் புற்றும்தான் பெரிய கவலை, கிளீனிங் பண்ணின நாளையே நிறுத்தற நாளா வச்சுக்கிட்டா கண்ணாடியில தெரியற வித்தியாசமே கொஞ்சம் துணைக்கு வரும்.

குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் எழுதிக் குடுத்தா எத்தனை நாள்னு கேட்டு அதோட நிறுத்திடுங்க, பெரும்பாலும் ரெண்டு வாரம்தான் இருக்கும், நல்லா இருக்கேன்னு மாசக் கணக்கா போடறவங்களுக்குத்தான் பல்லு பழுப்பாகுது. பேஸ்ட் போட்டு தேய்ச்ச உடனே அந்த மவுத்வாஷைப் போட்டாலும் அதோட பலன் குறையும், அரை மணி நேரம் இடைவெளி விடுங்க, போட்ட உடனே டீ காபி வேண்டாம். குழந்தைக்கு இரும்புச் சத்து சொட்டு மருந்து குடுக்கும்போது முன்பல்லுல படாம நாக்கோட பின்பக்கமா விட்டுட்டு, கொஞ்சம் தண்ணி குடுத்துடுங்க.

கிளீனிங் ஆறு மாசத்துக்கு ஒரு தடவைன்னு பொதுவா சொல்லுவாங்க, ஆனா காரை ஏறற வேகம் ஆளுக்கு ஆள் மாறும், உங்களுக்கு எத்தனை மாசம்னு டாக்டரையே கேட்டுக் குறிச்சுக்கோங்க. ப்ளீச்சிங் நிறம் நிரந்தரம் இல்ல, ஒண்ணு ரெண்டு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், அப்ப பழைய ட்ரேயில ரெண்டு மூணு ராத்திரி ஜெல் போட்டா போதும். ட்ரேயை வெந்நீர்ல கழுவாதீங்க, வளைஞ்சுடும். மிச்ச ஜெல்லை ஃப்ரிட்ஜ்ல வச்சு, போடறதுக்கு முன்னாடி சிரிஞ்ச் மேல இருக்கற காலாவதி தேதியைப் பாத்துடுங்க.